ரண்ட்கிரன் தனி ஆளாகத்தான் வாசித்தாரா?

மழைக்காகம்:
அமெரிக்க ராக் இசைக்கலைஞர் டாட் ரண்ட்கிரனை 2021இல் ராக் அண்ட் ரோல் ஹால் ஆஃப் ஃபேம் என்ற புகழ் மன்றத்தில் சேர்த்தார்கள். மனிதர் விழாப் பக்கமே போகவில்லை. இப்படி ஒருவருக்கு நம் தளத்தில் ஓர் இழைகூட இல்லாதது எனக்கு உறுத்தலாக இருந்தது, அதனால் தொடங்குகிறேன். பிலடெல்பியாக்காரர். நாஸ் குழுவில் தொடங்கி, 1972இல் 'சம்திங்/எனிதிங்?' என்ற இரட்டை இசைத்தட்டை முழுவதும் தனி ஆளாக உருவாக்கினார். பாட்டு எழுதியது, பாடியது, கிட்டார், பியானோ, பேஸ், டிரம்ஸ், தயாரிப்பு எல்லாம் அவரே. வயது இருபத்து மூன்று. இவ்வளவு வித்தை தெரிந்த இன்னொருவரைக் காட்டுங்கள், பார்க்கலாம்.

கறுப்புத்தட்டு:
காட்டுவதற்கு முன் ஒரு கேள்வி. அந்தத் தட்டின் நாலாம் பக்கத்தை நீங்கள் ஒருமுறையாவது கேட்டிருக்கிறீர்களா? இரண்டு எல்.பி., நான்கு பக்கம். மூன்று பக்கம் தனி ஆள், அதை மறுக்கவில்லை. நாலாம் பக்கம் ஸ்டுடியோவில் ஆட்களைக் கூட்டிவைத்து, எல்லாரும் ஒன்றாக வாசித்துப் பதிந்தது. 'ஹலோ இட்ஸ் மீ' பாட்டில் டிரம்பெட்டும் சாக்ஸபோனும் வாசிப்பவர்கள் ராண்டி பிரெக்கரும் மைக்கேல் பிரெக்கரும். அவர்களும் ரண்ட்கிரனின் கைகள்தானா?

மழைக்காகம்:
நான்கில் மூன்று பக்கத்தை ஒருவர் தனியாக வாசித்திருந்தால் அதைத் தனி ஆள் தட்டு என்று உலகமே சொல்கிறது. உங்களுக்கு மட்டும் நாலாம் பக்கம் தொண்டையில் சிக்குகிறது.

கறுப்புத்தட்டு:
உலகம் சொல்வது இருக்கட்டும். பில்போர்டு என்ற அமெரிக்கப் பாட்டு வரிசையில் அவர் பாடி மிக உயரம் போன பாட்டு 'ஹலோ இட்ஸ் மீ', 1973இல் 5ஆம் இடம். அது எந்தப் பக்கத்தில் இருக்கிறது? நாலாம் பக்கத்தில். தனியாக வாசித்த 'ஐ சா தி லைட்' 16ஆம் இடத்தோடு நின்றது. தனி ஆள் என்று தம்பட்டம் அடிக்கும் தட்டைத் தூக்கி நிறுத்தியதே கூட்டமாக வாசித்த பக்கம்தான்.

கீழ்ஸ்தாயி:
பேஸ் வாசிக்கிறவன் என்ற முறையில் ஒன்று சொல்லிவிடுகிறேன். இங்கே யாரும் பேசாத அதிசயம், அவர் அந்த மூன்று பக்கங்களைப் பதிந்த விதம். முதலில் டிரம்ஸ். காதில் கிட்டாரும் இல்லை, குரலும் இல்லை. பாட்டைத் தலைக்குள் ஓடவிட்டுக்கொண்டு டிரம்ஸை முழுதாக வாசித்து முடிப்பார். நடுவில் பிசகிவிட்டால் மறுபடி வாசிப்பதில்லை, அந்தப் பிசகுக்கு ஏற்றபடி பாட்டை மாற்றிவிடுவார். அதன்மேல் பேஸ், பிறகு மற்றவை. 'குடின்ட் ஐ ஜஸ்ட் டெல் யூ' பாட்டில் டிரம்ஸ் கொஞ்சம் முந்திக்கொண்டு ஓடுவதுபோல் இருக்கும், பாட்டுக்கு அதுவே உயிர். தாளம் காட்டும் மெட்ரோனோம் கருவி இல்லாமல் வாசிக்கத் தெரியாதவர்கள் இதைக் கேட்டுவிட்டுப் பேசலாம்.

கறுப்புத்தட்டு:
'குடின்ட் ஐ ஜஸ்ட் டெல் யூ' மூன்றாம் பக்கம். நான் கேட்டது நாலாம் பக்கம். மெட்ரோனோம் பற்றி யாரையோ குத்துகிறீர்கள். யார் என்று பெயரைச் சொல்லிக் குத்தலாம்.

கீழ்ஸ்தாயி:
குத்தவில்லை. உறுத்தினால் அதற்கு நான் பொறுப்பில்லை.

பழைய ஊசி:
இளைஞர்களே, தனி ஆள் என்ற பெருமையே 1972இல் பழைய சரக்கு. 1970இல் பால் மெக்கார்ட்னி தன் முதல் தனித்தட்டில் எல்லாக் கருவிகளையும் தானே வாசித்துவிட்டார், லிண்டா கூடவே குரல் கொடுத்தார். அதே ஆண்டு எமிட் ரோட்ஸ் என்ற கலிபோர்னியா இளைஞர், பெற்றோர் வீட்டில் சொந்தமாக ஸ்டுடியோ அமைத்துத் தனியாகப் பதிந்தார். ரோட்ஸ் தட்டில் நாலாம் பக்கம் என்ற பேச்சே கிடையாது. இரண்டே பக்கம், இரண்டும் அவரே. அவரைப் பற்றி இங்கே ஒரு வரி உண்டா?

மழைக்காகம்:
எமிட் ரோட்ஸ் வேறு யாருக்கு என்ன தயாரித்தார் என்பதையும் எழுதிவிடுங்கள், ஐயா. ரண்ட்கிரன் என்றால் பேட்ஃபிங்கர் குழுவின் 'ஸ்ட்ரெயிட் அப்' தட்டு. ஜெஃப் எமரிக் செய்த பதிவு தள்ளப்பட்டு, ஜார்ஜ் ஹாரிசன் பங்களாதேஷ் நிதிக் கச்சேரிக்காகப் பாதியில் விட்டுப்போன வேலையை எடுத்து முடித்தவர் இவர். கிராண்ட் ஃபங்க் குழுவுக்கு 'வி ஆர் அன் அமெரிக்கன் பேண்ட்', அந்தப் பாட்டு 1973இல் முதலிடம். நியூயார்க் டால்ஸ், ஹால் அண்ட் ஓட்ஸ், பாட்டி ஸ்மித் என்று பட்டியல் போகிறது. 1977இல் பாடகர் மீட் லோஃபின் 'பேட் அவுட் ஆஃப் ஹெல்' தட்டு, அமெரிக்காவில் மட்டும் 14 பிளாட்டினச் சான்று. எமிட் ரோட்ஸாம்!

பழைய ஊசி:
"எமிட் ரோட்ஸாம்" என்ற அந்த "ஆம்" எதற்கு? மரியாதை தெரிந்த இடம் என்று நினைத்து வந்தேன்.

கறுப்புத்தட்டு:
பேச்சை மாற்றுவதில் மழைக்காகத்துக்கு நிகர் இல்லை. நாலாம் பக்கம் பற்றிக் கேட்டால் மீட் லோஃப் வருகிறார். சரி, அங்கேயும் போவோம். 'பேட் அவுட் ஆஃப் ஹெல்' பாட்டுகள் அத்தனையும் ஜிம் ஸ்டைன்மன் எழுதியவை. பியானோ ராய் பிட்டன், டிரம்ஸ் மேக்ஸ் வைன்பெர்க், இருவரும் ராக் பாடகர் புரூஸ் ஸ்பிரிங்ஸ்டீனின் குழு ஆட்கள். பேஸ் காசிம் சுல்டன். ஸ்பிரிங்ஸ்டீனைக் கேலி செய்யும் தட்டு என்று நினைத்துத்தான் அதை ஒப்புக்கொண்டதாக ரண்ட்கிரனே பலமுறை சொல்லியிருக்கிறார். கேலியாக எடுத்த வேலையின் பெருமையும் அவருக்கே முழுசாகப் போக வேண்டுமா?

மழைக்காகம்:
அந்தத் தலைப்புப் பாட்டில் வரும் மோட்டார் சைக்கிள் சத்தம்? ஸ்டைன்மன் நிஜ வண்டிச் சத்தம் வேண்டும் என்று நின்றார். ரண்ட்கிரன் கிட்டாரை எடுத்து, கிளம்புவது, கியர் மாறுவது, உறுமுவது எல்லாவற்றையும் வாசித்துக் காட்டிவிட்டார். தட்டில் இருப்பது அதுதான்.

கறுப்புத்தட்டு:
மோட்டார் சைக்கிளைத் தனி ஆளாக வாசித்தார், ஏற்றுக்கொள்கிறேன். நாலாம் பக்கத்தை?

சுருதிப்பிழை:
தயாரிப்பாளர் ரண்ட்கிரனைப் புகழ்கிறவர்கள் எக்ஸ்டிசி என்ற ஆங்கிலேயக் குழுவின் ரசிகர்களிடம் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். 1986இல் அவர்களுக்கு இவர் தயாரித்த தட்டு 'ஸ்கைலார்க்கிங்'. குழு இவருடைய ஸ்டுடியோ இருந்த உட்ஸ்டாக்குக்குப் போய்ச் சேரும் முன்பே, அவர்கள் அனுப்பிய மாதிரிப் பதிவுகளை வைத்து எந்தப் பாட்டு எங்கே வர வேண்டும் என்று இவர் வரிசை போட்டு முடித்துவிட்டார். குழுவின் பாடகர் ஆண்டி பார்ட்ரிட்ஜுக்கும் இவருக்கும் எலியும் பூனையும்தான். கடைசியில் பார்த்தால் தட்டின் துருவமே தலைகீழ், அதாவது ஒலி அலையின் ஏற்றமும் இறக்கமும் இடம் மாறிப் பதிந்திருக்கிறது! ஜான் டென்ட் என்ற மாஸ்டரிங் பொறியாளர் கண்டுபிடித்துச் சொல்ல, 2010இல் திருத்திய பதிப்பு வந்தது. இருபத்து நான்கு ஆண்டுகள் அந்தத் தட்டை நாங்கள் பேஸ் மெலிந்த நிலையில் கேட்டிருக்கிறோம்.

கீழ்ஸ்தாயி:
துருவம் எந்தக் கட்டத்தில் மாறியது என்பதற்கு உங்களிடம் சான்று உண்டா? கலவை முடிந்த பிறகு எங்காவது ஒரு வயரை மாற்றிச் சொருகினாலும் இதே கதிதான். ஸ்டுடியோவில் வேலை பார்த்தவர்களுக்குப் புரியும்.

சுருதிப்பிழை:
அவருடைய ஸ்டுடியோ, அவருடைய வயர். புகழ் வரும்போது எல்லாம் அவரே வாசித்தார், பழி வரும்போது வயர் வாசித்ததா?

மழைக்காகம்:
பார்ட்ரிட்ஜே பிற்பாடு அந்தத் தட்டில் ரண்ட்கிரன் செய்த வேலையைப் பாராட்டிவிட்டார். அவரே விட்டுவிட்ட சண்டையைக் கையில் எடுக்க நீங்கள் யார்?

சுருதிப்பிழை:
விலை கொடுத்து வாங்கியவன். திருத்திய பதிப்பையும் விலை கொடுத்து வாங்கியவன்.

பழைய ஊசி:
ஒலித்தரம் என்று பேசினால், 1973இன் 'எ விசர்ட், எ ட்ரூ ஸ்டார்' ஒரே எல்.பி.யில் ஐம்பத்தைந்து நிமிடத்துக்கு மேல். 1975இன் 'இனிஷியேஷன்' ஒரு மணி நேரத்தையும் தாண்டியது. நேரம் கூடினால் தட்டின் வரிப்பள்ளம் நெருங்கும், நெருங்க நெருங்க ஒலி சன்னமாகிவிடும். இது அறியாத தயாரிப்பாளரா? அறிந்தே செய்தார், அடம்.

சுருதிப்பிழை:
'இனிஷியேஷன்' உறையில் அவரே எச்சரித்திருக்கிறார்: தேய்ந்த ஊசியில் ஓட்டினால் தட்டு உடனே பாழாகும், ஒலி போதவில்லை என்றால் டேப்பில் பதிந்து கேளுங்கள் என்று. பழைய ஊசி அவர்களின் கவனத்துக்கு.

பழைய ஊசி:
பெயரை வைத்துக் கேலி செய்யும் அளவுக்கு இந்த இடம் இறங்கிவிட்டது. ஜெத்ரோ டல் இழையிலும் இதே ஆள்தான் இப்படிச் செய்தார். நெறியாளர் அன்றும் தூங்கினார்.

நெறியாளர்:
தூங்கவில்லை. தனிப்பட்ட தாக்குதல் வேண்டாம். இழையின் பொருள் டாட் ரண்ட்கிரனின் இசை வாழ்க்கை.

கறுப்புத்தட்டு:
நெறியாளருக்கு நன்றி. பொருளுக்கே வருகிறேன். நாலாம் பக்கம் அவரது பழைய குழுக்களின் கந்தல் டேப்புத் துணுக்குகளோடு தொடங்குகிறது. ஒரு கேலி இசை நாடகம் மாதிரி அமைத்து, பாட்டுக்கு நடுவே ஆட்கள் பேசுவதையும் சிரிப்பதையும் விட்டுவைத்திருக்கிறார். தட்டிலேயே இளைப்பாறி மூச்சு விடும் பக்கம் அது ஒன்றுதான். அதற்கு முந்தைய மூன்று பக்கங்களில் என்ன திறமை இருந்தாலும் பூட்டிய அறைக்குள் கேட்பதுபோல் இருக்கும். ஆகவே தனி ஆள் என்று சொல்லி அந்தப் பக்கத்தை மறைப்பது அவருக்கே செய்யும் அநியாயம்.

மழைக்காகம்:
பூட்டிய அறையா? இரண்டாம் பக்கத் தொடக்கத்தில் ஸ்டுடியோ இரைச்சல்களை ஒவ்வொன்றாகக் காட்டி, இந்தத் தட்டில் எங்கெங்கே வருகிறது என்று கண்டுபிடியுங்கள் என விளையாட்டுக் காட்டுகிறாரே, அது உங்கள் காதில் விழவில்லையா? தனி ஆள் என்றால் உங்களுக்கு ஏன் எரிகிறது என்று தெரியவில்லை. சரி, 1985இன் 'எ கப்பெல்லா' தட்டை எடுத்துக்கொள்ளுங்கள். டிரம்ஸ், பேஸ், பின்னணி என்று கேட்கும் ஒவ்வோர் ஒலியும் அவர் தொண்டையிலிருந்து வந்தது. எமுலேட்டர் என்ற கருவியில் தன் குரலைப் பதிந்து, அதைத் திரித்து வாசித்தார். அங்கே நாலாம் பக்கம் இல்லை, பிரெக்கர் இல்லை, யாருமே இல்லை.

கறுப்புத்தட்டு:
நீங்கள் முதலில் எழுதியது 1972. இப்போது நிற்பது 1985. பதின்மூன்று ஆண்டு பின்னால் ஓடி ஒளிந்தாயிற்று.

கீழ்ஸ்தாயி:
'ஹலோ இட்ஸ் மீ'யே அவர் நாஸ் குழுவில் 1968இல் பதிந்த பாட்டு. அப்போது மெதுவான சோகப் பாட்டு. நாலாம் பக்கத்தில் அதை எழுப்பி நடக்கவைத்தார். பாட்டும் அவருடையது, மறு அமைப்பும் அவருடையது. மற்றவர்கள் வந்து வாசித்தார்கள், அவ்வளவுதான்.

கறுப்புத்தட்டு:
"வந்து வாசித்தார்கள், அவ்வளவுதான்." பேஸ் வாசிக்கிறவர் எழுதும் வாக்கியமா இது? உங்களையும் நாளைக்கு ஒருவர் இப்படித்தான் எழுதுவார்.

கீழ்ஸ்தாயி:
எழுதட்டும். குறைந்தபட்சம் நான் வாசிக்கிறேன்.

மழைக்காகம்:
அவர் யுடோபியா குழுவில் சம பங்காளியாக வாசித்தது, 1998இல் பேட்ரோநெட் என்று ரசிகர்களிடம் நேரடியாகச் சந்தா வாங்கி இணையத்தில் பாட்டுக் கொடுத்தது, இதையெல்லாம் எழுதத்தான் இந்த இழையைத் தொடங்கினேன். ஒருவர் விடாமல் ஒரே பக்கத்தைத் திருப்பித் திருப்பி ஓட்டுகிறார்.

கறுப்புத்தட்டு:
முதல் பதிவைத் திருத்திவிடுங்கள், நிறுத்திவிடுகிறேன்.

மழைக்காகம்:
திருத்த மாட்டேன்.

சுருதிப்பிழை:
ஸ்டைன்மனுக்குத் தனி இழை தொடங்கப் போகிறேன். 'பேட் அவுட் ஆஃப் ஹெல்' புகழ் யாருக்கு என்று அங்கே பார்த்துக்கொள்ளலாம்.

பழைய ஊசி:
எமிட் ரோட்ஸுக்கு முதலில் தொடங்குங்கள்.

கறுப்புத்தட்டு:
எதைத் தொடங்கினாலும் உறையில் யார் யார் பெயர் இருக்கிறது என்று பார்த்துவிட்டுத் தொடங்குங்கள்.