யூஸ்நெட் பகிர்வுத் தளத்தில் என்.இசட்.பி. கோப்பை ஏற்றிச் சரியாகப் பெயரிடுவது எப்படி?

நெய்தல்வாசி (கேள்வி):

அனைவருக்கும் வணக்கம். லிப்ரிவாக்ஸ் தன்னார்வலர்கள் வாசித்துப் பொதுவுடைமையாக வெளியிட்டுள்ள ஆங்கில ஒலிநூல்கள் சிலவற்றை யூஸ்நெட் என்னும் பழைய செய்திக்குழு வலையமைப்பிலும் சேர்த்து வைக்க விரும்புகிறேன். இணையத்தில் ஓரிடத்தில் மட்டும் இருக்கும் பொருள் என்றாவது காணாமல் போகலாம் என்ற கவலையே இதற்குக் காரணம். முதல் நூலை அத்தியாயவாரியாக எம்பி3 கோப்புகளாகவே ஒரு செய்திக்குழுவுக்கு அனுப்பினேன். அனுப்பும் மென்பொருள் இறுதியில், அனுப்பிய துண்டுகளைப் பட்டியலிடும் ஒரு என்.இசட்.பி. கோப்பையும் உருவாக்கிக் கொடுத்தது. அதை உடனே பகிர்வுத் தளம் ஒன்றில் ஏற்றிவிட்டேன்.

இப்போது சில சிக்கல்கள் எழுந்துள்ளன. தளம் அதை ஒலிநூல் பிரிவில் சேர்க்காமல் இசைப் பிரிவில் காட்டுகிறது. பட்டியலில் நூலின் பெயருக்குப் பதிலாக என் கணினியில் இருந்த கோப்புறையின் பெயர்தான் தெரிகிறது. மேலும், பதிவிறக்கிய ஒருவர் பல துண்டுகள் கிடைக்கவில்லை என்று குறிப்பு எழுதியிருக்கிறார். அனுப்பும்போது என் மென்பொருள் எந்தப் பிழையையும் காட்டவில்லை.

தலைப்பு, வகை, விளக்கம் ஆகியவற்றை எந்த முறையில் எழுத வேண்டும்? ஏற்றுவதற்கு முன் எவற்றைச் சரிபார்க்க வேண்டும்? விவரம் அறிந்தவர்கள் வழிகாட்டினால் மீதமுள்ள நூல்களை ஒழுங்காக அனுப்புவேன்.

பழையகுழுவன் (பதில்):

நண்பரே, உங்கள் சிக்கல்களுக்கு விடை அந்த என்.இசட்.பி. கோப்புக்குள்ளேயே இருக்கிறது. அதை ஒரு சாதாரண உரைத் தொகுப்பியில் திறந்து பாருங்கள். நியூஸ்பின் என்ற யூஸ்நெட் தேடல் தளம் வகுத்த எளிய எக்ஸ்எம்எல் (குறிகளால் பகுக்கப்பட்ட உரை) வடிவம் அது. உங்கள் ஒலிநூலின் ஒரு நொடி ஒலிகூட அதில் இல்லை. ஒவ்வொரு எம்பி3 கோப்புக்கும் ஒரு பகுதி இருக்கும். அதில் அனுப்பியவர் முகவரி, அனுப்பிய நேரம், கட்டுரையின் தலைப்பு வரி, எந்தச் செய்திக்குழு என்ற விவரம், அதன் கீழே துண்டுகளின் பட்டியல் ஆகியவை வரிசையாக வரும். தனிக் கட்டுரையாக அனுப்பப்படும் ஒவ்வொரு துண்டுக்கும் எண், பைட் அளவு, செய்தி அடையாளம் ஆகிய மூன்றும் உண்டு. யூஸ்நெட் சர்வரில் அந்த அடையாளத்தைக் கேட்டால்தான் கட்டுரை வரும் என்பதால், பட்டியலில் ஓர் அடையாளம் பிழையாக இருந்தாலும், அந்தக் கட்டுரை சர்வரில் இல்லாவிட்டாலும் அந்தத் துண்டு கிடைக்காது.

துண்டுகள் கிடைக்காத சிக்கலை முதலில் எடுத்துக்கொள்வோம். கட்டுரையை அனுப்பும் கட்டளைக்குச் சர்வர் 240 என்று பதில் சொன்னால் மென்பொருள் வெற்றி என்று எண்ணிக்கொள்கிறது. ஆனால் அந்த எண், நீங்கள் தொடர்புகொண்ட அந்த ஒரு சர்வர் கட்டுரையைப் பெற்றுக்கொண்டது என்பதை மட்டுமே குறிக்கிறது. அது சேமிக்கப்பட்டு, பிற நிறுவனங்களின் சர்வர்களுக்கும் போய்ச் சேர்ந்தது என்பதற்கு உறுதி இல்லை. யூஸ்நெட்டில் ஒரு சர்வர் அடுத்த சர்வருக்குக் கடத்திக் கடத்தித்தான் கட்டுரைகள் பரவுகின்றன. 1980-இல் ட்யூக் பல்கலைக்கழகத்திலிருந்து தொடங்கிய நாள் முதல் அடிப்படை இதுவே. எனவே அனுப்பி முடித்த கையோடு என்.இசட்.பி. கோப்பை ஏற்றக் கூடாது. சில மணி நேரம் பொறுத்திருந்து, ஒவ்வொரு செய்தி அடையாளத்தையும் 'ஸ்டாட்' கட்டளையால் சோதியுங்கள். கட்டுரை இருந்தால் 223 என்றும், இல்லையென்றால் 430 என்றும் பதில் வரும். உள்ளடக்கம் இறங்காது என்பதால் நேரமும் செலவும் மிகக் குறைவு. நியூ என்ற அனுப்பும் கருவியில் இந்தச் சோதனையைத் தானாகச் செய்யும் வசதி இருக்கிறது. கிடைக்காத கட்டுரையை அது மீண்டும் அனுப்பவும் செய்யும். இயன்றால், நீங்கள் அனுப்பப் பயன்படுத்திய நிறுவனம் அல்லாத வேறொரு சேவையின் கணக்கிலிருந்து முழு நூலையும் ஒருமுறை இறக்கிப் பாருங்கள். இதைவிட நம்பகமான சோதனை வேறு இல்லை.

இனி பெயருக்கு வருவோம். நியூஸ்நாப் என்ற பகிர்வுத் தள மென்பொருளின் மரபில் வந்த தளங்கள், ஏற்றுபவர் எதையும் குறிப்பிடாவிட்டால், கோப்பின் பெயரையும் தலைப்பு வரியையும் படித்துத் தாமாகவே வகையை முடிவு செய்கின்றன. எம்பி3 என்ற சொல் தென்பட்டது; ஒலிநூல் என்பதற்கான அடையாளம் எதுவும் இல்லை; ஆகவே 3010 என்ற எம்பி3 இசை வகையில் போட்டுவிட்டது. ஒலிநூலுக்கான வகை எண் 3030. ஏற்றும் படிவத்தில் வகையைத் தெரிவுசெய்ய இடம் இருந்தால் அதை வெறுமையாக விட வேண்டாம். படிவத்தில் தெரிவுசெய்தாலும், தலைப்பிலேயே ஒலிநூல் என்ற சொல்லைச் சேர்த்துவிடுங்கள். வேறொரு தளம் அதே கோப்பை எடுத்துச் சேர்த்தாலும் வகை பிறழாமல் இருக்கும்.

தலைப்புக்கு நான் பின்பற்றும் வரிசை இது: ஆசிரியர், நூல், வாசித்தவர், லிப்ரிவாக்ஸ் என்ற மூலம், ஒலிநூல், மொழி, எம்பி3 மற்றும் பிட் வேகம். பிட் வேகத்தை ஊகித்து எழுதாதீர்கள். லிப்ரிவாக்ஸ் பதிவுகள் இணைய ஆவணக் காப்பகத்தில் பெரும்பாலும் 128 கிலோபிட், 64 கிலோபிட் ஆகிய இரண்டிலும் கிடைக்கின்றன. கையில் இருக்கும் கோப்பின் விவரத்தைத் திறந்து பார்த்து, அதில் உள்ளதையே எழுத வேண்டும். தேடி வருபவருக்கு உள்ளடக்கம் கண்ணில் படுவதில்லை. அவர் இறக்குவதா வேண்டாமா என்று முடிவு செய்வது இந்த ஒரு வரியைப் பார்த்துத்தான். அந்த வரியில் இருக்கும் ஒவ்வொரு சொல்லும் கோப்பிலிருந்து எடுக்கப்பட்டதாக இருக்க வேண்டும் என்பதில் எனக்குச் சமரசம் இல்லை.

இந்தத் தலைப்பைக் கோப்பின் பெயராக மட்டும் வைக்காமல், என்.இசட்.பி. கோப்பின் தொடக்கத்தில் வரும் 'ஹெட்' பகுதிக்குள் 'மெட்டா' வரியாகவும் எழுதுங்கள். தலைப்பு, வகை, குறிச்சொல் ஆகியவற்றுக்குத் தனித்தனி மெட்டா வரிகள் உண்டு. நூற்பெயரில் & குறி இருந்தால் அதை எக்ஸ்எம்எல் முறைப்படி & என்று மாற்றி எழுத வேண்டும்; அப்படியே விட்டால் கோப்பு முழுவதும் படிக்க முடியாததாகிவிடும், தளமும் காரணம் சொல்லாமல் நிராகரிக்கக்கூடும்.

அனுப்பியவர் முகவரி குறித்தும் ஒரு சொல். அது ஒவ்வொரு கட்டுரையிலும், என்.இசட்.பி. கோப்பின் ஒவ்வொரு பகுதியிலும் பதிந்திருக்கும். பத்தாண்டுக்கும் மேலாகக் கட்டுரைகளைக் காத்து வைக்கும் சேவைகள் இருப்பதால், உங்கள் உண்மையான மின்னஞ்சலை அங்கே இட வேண்டாம். '.இன்வேலிட்' என்று முடியும் முகவரி இதற்கென்றே ஒதுக்கப்பட்டிருக்கிறது.

வடகரை (பதில்):

மேலே சொன்னதோடு உடன்படுகிறேன். பார்2 கோப்புகளைப் பற்றி எவரும் குறிப்பிடவில்லை என்பதால் எழுதுகிறேன். ரீட்–சாலமன் என்ற பிழைதிருத்தக் கணக்கின் அடிப்படையில் உருவாகும் இந்த மீட்புக் கோப்புகளை ஏறத்தாழ பத்து விழுக்காடு அளவுக்குச் சேர்த்து அனுப்பியிருந்தால், சில துண்டுகள் தொலைந்தும் பதிவிறக்கியவர் முழு நூலையும் மீட்டிருப்பார். எந்தத் துண்டு தொலைந்தது என்பது பொருட்டல்ல. தொலைந்த தொகுதிகளின் எண்ணிக்கைக்கு நிகரான மீட்புத் தொகுதிகள் இருந்தால் போதும்.

இதில் பெயரிடுதலோடு தொடர்புடைய ஒரு நுணுக்கம் உண்டு. பார்2 கோப்பு, தான் காக்கும் ஒவ்வொரு கோப்பின் பெயரையும், நீளத்தையும், அதன் முதல் 16 கிலோபைட்டின் எம்டி5 மதிப்பையும் (உள்ளடக்கத்திலிருந்து கணக்கிடப்படும் அடையாள எண்) தன்னுள் எழுதி வைத்துக்கொள்கிறது. சாப்என்இசட்பி போன்ற பதிவிறக்க மென்பொருள்கள் அதைப் பார்த்து, இறங்கிய கோப்புகளுக்கு அந்தப் பெயர்களையே மீண்டும் சூட்டுகின்றன. ஆகவே அத்தியாயக் கோப்புகளின் பெயர்களைத் திருத்தி, வரிசை எண்களை 01, 02 என்று ஒழுங்குபடுத்திய பிறகுதான் பார்2 உருவாக்க வேண்டும். உருவாக்கிய பின் பெயரை மாற்றினால், பெறுபவரிடம் பழைய பெயரே திரும்ப வந்து நிற்கும்.

ரார் கோப்பாகப் பிரித்துச் சுருட்டும் பழக்கம் உங்களுக்குத் தேவையில்லை. கட்டுரைகளாகத் துண்டாக்கும் வேலையை அனுப்பும் மென்பொருளே செய்கிறது. எம்பி3 ஏற்கெனவே சுருக்கப்பட்டது என்பதால் அளவும் குறையாது.

தலைப்பு வரியில் பொருளற்ற எழுத்துக் கோவையை இடுவது இன்று பரவலான வழக்கமாகிவிட்டது. உங்கள் மென்பொருளிலும் அது இயல்பாகவே இயங்கும்படி அமைந்திருக்கலாம்; பார்த்துக்கொள்ளுங்கள், சிலர் அதைப் பாதுகாப்பு என்றே கருதுகிறார்கள்.

பழையகுழுவன் (பதில்):

வடகரை அவர்கள் இறுதியாகத் தொட்ட செய்தியைச் சற்று விரித்துச் சொல்ல வேண்டும், ஏனென்றால் நெய்தல்வாசியின் நோக்கத்துக்கு அதுதான் முதன்மையானது. தலைப்பு வரி பொருளற்றதாக இருந்தால், அந்தக் கட்டுரைகள் எந்த நூலைச் சேர்ந்தவை என்பதைச் சொல்லக்கூடியது என்.இசட்.பி. கோப்பு ஒன்றுதான். பகிர்வுத் தளங்கள் நிலையானவை அல்ல. இந்த வடிவத்தை உருவாக்கிய நியூஸ்பின் தளமே மூடப்பட்டுவிட்டது. தளம் மூடப்படும் நாளில் அந்த என்.இசட்.பி. கோப்பும் மறைந்தால், கட்டுரைகள் அனைத்தும் சர்வரில் நலமாக இருந்தும் அவற்றை எவராலும் சேர்த்தெடுக்க முடியாது.

தலைப்பு வரியைத் திறந்த முறையில் எழுதினால் நிலைமை வேறு. நூற்பெயர், மொத்தக் கோப்புகளில் இது எத்தனையாவது என்ற எண், மேற்கோள் குறிக்குள் கோப்பின் பெயர், அதன்பின் கோப்பை அனுப்பும் குறிமாற்ற முறையைக் குறிக்கும் ஒய்என்க் என்ற சொல், அடைப்புக்குள் துண்டு எண் என்ற பழைய வரிசையில் அது அமைந்திருந்தால், செய்திக்குழுவின் தலைப்புகளை மட்டும் இறக்கி எவரும் புதிதாக ஒரு என்.இசட்.பி. கோப்பை உருவாக்கிக்கொள்ளலாம். சட்டப்படி பகிரத்தக்க பொருளைப் பகிர்பவருக்கு மறைக்க வேண்டியது எதுவும் இல்லை. கடவுச்சொல்லும் வேண்டாம், மறைபெயரும் வேண்டாம்.

நெய்தல்வாசி:

இருவருக்கும் மிக்க நன்றி. என் மென்பொருளில் மறைபெயர் அமைப்பு இயங்கவில்லை என்பதை உறுதிசெய்துகொண்டேன். தலைப்பு வரிகள் திறந்த முறையிலேயே உள்ளன. இன்னும் இரண்டு ஐயங்கள் மீதமிருக்கின்றன. முதலாவதாக, நாங்கள் சிலர் சேர்ந்து வாசித்துப் பதிவுசெய்த தமிழ் ஒலிப்பதிவுகளையும் அனுப்ப எண்ணுகிறேன்; கோப்புகளுக்குத் தமிழ் எழுத்திலேயே பெயர் வைக்கலாமா? அடுத்ததாக, ஏற்கெனவே அனுப்பிய நூலை முழுவதுமாக மீண்டும் அனுப்பித்தான் ஆக வேண்டுமா?

எழுத்துருவன் (பதில்):

தமிழ்ப் பெயர் குறித்து நான் சொல்கிறேன். எழுத்துகளைப் பைட்டுகளாகச் சேமிக்கும் யூடிஎஃப்-8 முறையில் தமிழின் ஒவ்வொரு குறியீட்டுக்கும் மூன்று பைட் ஆகிறது. 'நூலகம்' என்ற சொல் கண்ணுக்கு நான்கு எழுத்துகள். உள்ளே உயிர்மெய்க் குறியும் புள்ளியும் தனித்தனியே எண்ணப்படுவதால் ஆறு குறியீடுகள், 18 பைட்டுகள். லினக்ஸில் ஒரு கோப்பின் பெயருக்கு 255 பைட்டுகளே எல்லை என்பதால், 85 குறியீடுகளோடு இடம் முடிந்துவிடும். ஆசிரியர், நூல், அத்தியாயத் தலைப்பு, வாசித்தவர் என்று எழுதத் தொடங்கினால் இந்த எல்லையை எளிதில் தாண்டிவிடுவோம்.

இது தவிர, யூஸ்நெட் கட்டுரையின் தலைப்பு வரியில் ஆஸ்கி (அடிப்படை ஆங்கில எழுத்துத் தொகுதி) அல்லாத எழுத்துகளைக் குறிமாற்றம் செய்தே அனுப்ப வேண்டும் என்பது 2009-இல் வெளியான ஆர்எஃப்சி 5536 என்ற இணையத் தர ஆவணம் கூறும் விதி. எல்லா மென்பொருளும் அதை ஒரே மாதிரி செய்வதில்லை. தலைப்பு வரியிலிருந்து கோப்பின் பெயரைப் பிரித்தெடுக்கும் நிரல்கள் அங்கேதான் தடுமாறுகின்றன. பார்2 வடிவத்திலும் அடிப்படைப் பெயர் ஆஸ்கியே; யூனிகோடு பெயருக்கான பகுதி விருப்பத் தேர்வாக மட்டும் உள்ளது.

ஆகவே கோப்பின் பெயரையும் கட்டுரையின் தலைப்பு வரியையும் சுருக்கமான ரோமன் எழுத்தில் வையுங்கள். எம்பி3 கோப்புக்குள்ளேயே தலைப்பு முதலிய விவரங்களைப் பதியும் ஐடி3 குறிப்புகள், என்.இசட்.பி. கோப்பின் மெட்டா வரிகள், தளத்தின் விளக்கப் பகுதி ஆகிய மூன்றிலும் முழுத் தலைப்பைத் தமிழ் எழுத்திலேயே எழுதுங்கள். என்.இசட்.பி. கோப்பை யூடிஎஃப்-8 முறையில் சேமிக்க வேண்டும். முதல் வரியிலுள்ள அறிவிப்பும் அதையே சொல்ல வேண்டும். தமிழில் தேடுபவருக்கும் கிடைக்க வேண்டும், ரோமன் எழுத்தில் தேடுபவருக்கும் கிடைக்க வேண்டும். நம் பதிவுகள் குறைவாக இருக்கும் இடத்தில் இந்தச் சிறு உழைப்பு மிகவும் தேவை.

பழையகுழுவன் (பதில்):

முழுவதையும் மீண்டும் அனுப்ப வேண்டியதில்லை. அனுப்பிய கட்டுரையைத் திருத்த முடியாது. நீக்கக் கோரும் செய்திகளைப் பெரும்பாலான சர்வர்கள் பொருட்படுத்துவதும் இல்லை. ஆனால் என்.இசட்.பி. கோப்பு உங்கள் கையில் இருக்கும் உரைக்கோப்பு. முதலில் ஸ்டாட் சோதனையைச் செய்து, 430 என்று பதில் வரும் துண்டுகளை மட்டும் குறித்துக்கொள்ளுங்கள். தாமதமாகப் பரவியதுதான் காரணம் என்றால் இப்போது எல்லாமே 223 என்று வந்துவிடக்கூடும். அப்படி வராத துண்டுகள் சிலவாக இருந்தால், மூலக் கோப்புகளிலிருந்து பார்2 உருவாக்கி அதை மட்டும் அதே செய்திக்குழுவுக்கு அனுப்பி, அதற்குரிய பகுதிகளைப் பழைய என்.இசட்.பி. கோப்பின் இறுதியில் ஒட்டிவிடுங்கள். இந்த முறை வேலை செய்ய, அனுப்பியபோது இருந்த எம்பி3 கோப்புகள் ஒரு பைட்டும் மாறாமல் இருக்க வேண்டும். இடையில் ஐடி3 குறிப்பைத் திருத்தியிருந்தால் கணக்கு பொருந்தாது.

அதன்பின் மெட்டா வரிகளில் தலைப்பையும் வகையையும் எழுதி, தளத்தில் உள்ள பழைய பதிவை நீக்கிவிட்டுப் புதியதை ஏற்றுங்கள். இரண்டையும் அருகருகே விட்டுவைத்தால் வருபவர் பழுதுள்ளதையே எடுக்கக்கூடும். நீக்கும் உரிமை உங்களுக்கு இல்லையென்றால் தள நிர்வாகியிடம் கேளுங்கள். பழுதுபட்ட பதிவை நீக்க அவர்கள் பொதுவாக மறுப்பதில்லை.

விளக்கப் பகுதியில் லிப்ரிவாக்ஸ் பக்கத்தின் முகவரி, வாசித்தவர் பெயர், பதிவின் மொத்த நேரம், உரிமை நிலை ஆகியவற்றைக் குறிப்பிடுங்கள். லிப்ரிவாக்ஸ் தன் பதிவுகளை அமெரிக்கச் சட்டப்படியே பொதுவுடைமை என்று அறிவிக்கிறது. இந்தியாவில் ஆசிரியர் இறந்து 60 ஆண்டுகளும், இலங்கையில் 70 ஆண்டுகளும் மூல நூலுக்கு உரிமை நீடிப்பதால், ஆசிரியர் இறந்த ஆண்டையும் சேர்த்து எழுதினால் படிப்பவர் தம் நாட்டு நிலையைத் தாமே சரிபார்த்துக்கொள்வார். உங்கள் தமிழ்ப் பதிவுகளுக்கு, வாசித்த எல்லோரிடமும் பகிர்வதற்கான ஒப்புதலை எழுத்தில் பெற்று, எந்த உரிமத்தின் கீழ் வெளியிடுகிறீர்கள் என்பதை ஓர் உரைக்கோப்பாக எம்பி3 கோப்புகளோடு சேர்த்தே அனுப்புங்கள். பார்2 உருவாக்கும்போது அந்த உரைக்கோப்பையும் விட்டுவிடாமல் சேர்த்துக்கொள்ளுங்கள்.