முதல் நூறு பேருக்குள் சேர்ந்துவிடலாமா?

கையுறைத் தொழிலாளி (சுங்கை சிப்புட், மலேசியா)

வணக்கம். மூன்று நாளாகச் சரியான தூக்கம் இல்லை. என் சின்னம்மா மகன், எனக்குத் தம்பி முறை, தொடங்கி எட்டே மாதமான ஒரு நேரடி விற்பனை நிறுவனத்தில் என்னைச் சேரச் சொல்கிறான். மூட்டுவலிக்கான பானம் விற்கிறார்கள். 2,800 வெள்ளி (ரிங்கிட்) கட்டினால் 20 பெட்டி. முதல் நூறு பேருக்குள் வந்துவிட்டால், பின்னால் நமக்குக் கீழே சேருகிறவர்கள் வாங்குவதிலெல்லாம் நமக்குப் பங்கு உண்டாம். ஞாயிற்றுக்கிழமையோடு அந்த வாய்ப்பு முடிந்துவிடுமாம்.

என் சம்பளம் 1,700 வெள்ளி. ஊழியர் சேம நிதியில் 2024-இல் வந்த மூன்றாவது கணக்கில், எப்போது வேண்டுமானாலும் எடுக்கலாம் என்றார்களே, அதில் 1,300 வெள்ளி இருக்கிறது. மீதிக்குச் சங்கிலியைத்தான் அடகு வைக்க வேண்டும். "பாட்டி காலத்தில் மாதம் பத்து வெள்ளி கட்டித் தோட்டத்தையே வாங்கவில்லையா? அவர்கள் பயந்திருந்தால் நடந்திருக்குமா?" என்று தம்பி கேட்டான். எனக்குப் பதில் வரவில்லை. முன்கூட்டியே சேருவதில் உண்மையிலேயே லாபம் இருக்கிறதா?

வேன் ஓட்டுநர்

அக்கா, உரிமம் இருக்கிறதா என்று முதலில் கேளுங்கள். நிறுவன ஆணையத்தில் பதிவு செய்த தாளைக் காட்டினால் போதாது. அதை எந்தக் கம்பெனியும் வாங்கிவிடலாம். 1993-ஆம் ஆண்டு நேரடி விற்பனைச் சட்டப்படி உள்நாட்டு வாணிப அமைச்சு கொடுக்கும் உரிமம் தனி. அதன் எண் ஏ.ஜே.எல். என்று தொடங்கும். அது இல்லையென்றால் மேற்கொண்டு பேச வேண்டியதே இல்லை. நானும் ஆறு வருடமாக ஒரு நிறுவனத்தின் சவர்க்காரம் விற்கிறேன். என்னிடம் வாங்குகிறவர்களில் பாதிப் பேர் உறுப்பினர்களே அல்லர், சவர்க்காரம் பிடித்துப்போய் வாங்குகிறவர்கள். மாதம் 200, 250 வெள்ளி வரும். அவ்வளவுதான்.

பால்மரத்து வீட்டு அக்கா

தங்கச்சி, லாபம் இருக்கிறதா என்று கேட்டீர்கள். இருக்கிறது. எனக்குக் கிடைத்தது. அதனால்தான் எழுதுகிறேன்.

2012-இல் ஒரு தண்ணீர் வடிகட்டி நிறுவனம் நம் ஊருக்கு வந்தது. பேராக்கில் சேர்ந்த முதல் இருபது பேரில் நான் ஒருத்தி. ஒரு வடிகட்டி 2,400 வெள்ளி, ஓர் ஆளைச் சேர்த்தால் எனக்கு 400. பதினோரு மாதத்தில் பதினான்கு பேரைச் சேர்த்தேன். அந்தப் பதினான்கு பேரும் யார் தெரியுமா? எங்கள் வரிசையில் ஒன்பது வீடு, கோயில் மகளிர் குழுவில் மூன்று பேர், என் நாத்தனார், என் மகனின் ஆசிரியை. புதிய முகம் ஒன்றுகூட இல்லை. தோட்டத்து ஊரில் நமக்கு வேறு யாரைத் தெரியும்?

பிறகு நிறுவனம் பங்குக் கணக்கை மாற்றியது. மாதம் 180 வெள்ளிக்குப் பொருள் எடுத்தால்தான் பங்கு என்றது. அடுத்த ஆண்டு அலுவலகக் கதவு மூடியே கிடந்தது. எனக்கு நட்டம் இல்லை. கீழே இருந்தவர்களுக்குத்தான். பக்கத்து வீட்டு அக்கா ரப்பர் மரத்தில் பால் வெட்டுகிறவர். வளையலை வைத்துப் பணம் கட்டியிருந்தார். அடகுச் சீட்டை நான்காக மடித்து மஞ்சள்தூள் டப்பாவுக்குள் வைத்திருந்தார்; எடுத்துக் காட்டியபோது சீட்டின் ஓரமெல்லாம் மஞ்சள் ஏறியிருந்தது. அந்த வளையலை நான்தான் மீட்டுக் கொடுத்தேன். இன்னும் ஐந்து பேருக்குக் கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுத்தேன். எல்லோருக்கும் கொடுக்க என்னால் முடியவில்லை. நாத்தனார் இன்றும் என் வீட்டில் கை நனைப்பதில்லை.

முன்கூட்டியே சேருவது என்றால் இதுதான், தங்கச்சி. பின்னால் வருகிறவர்கள் வானத்திலிருந்து வருவதில்லை. ஆளுக்கு ஐந்து பேர் என்று தம்பி படம் வரைந்திருப்பான். ஏழாவது படியில் 78,125 பேர் வேண்டும். நம் ஊரில் அத்தனை தமிழர்களுக்கு எங்கே போவது?

பாட்டி காலத்துக் கதையை அவன் இழுத்ததுதான் எனக்குப் பொறுக்கவில்லை. வெள்ளைக்காரர்கள் தோட்டங்களைத் துண்டு போட்டு விற்றபோது, நம் சனங்கள் தெருவில் நிற்கக் கூடாது என்று அன்று அமைச்சராக இருந்த துன் சம்பந்தன் 1960-இல் தொடங்கியது தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கம். என் அப்பாவும் கட்டினார். அந்தப் பணம் நிலமாயிற்று, மரமாயிற்று. முதலில் கட்டியவருக்கும் கடைசியில் கட்டியவருக்கும் ஒரே ஓட்டு. லாபம் வந்தால் மரத்திலிருந்து வந்தது, அடுத்து சேர்ந்தவரின் மடியிலிருந்து வரவில்லை. இதை அப்படியே தம்பியிடம் சொல்லுங்கள்.

இன்னொன்று. அந்தப் பானத்தை ஷாப்பி இணையக் கடையில் தேடிப் பாருங்கள். உறுப்பினர்களே பாதி விலைக்குத் தள்ளிவிட்டுக்கொண்டிருந்தால் மற்றது உங்களுக்கே விளங்கும்.

கையுறைத் தொழிலாளி

பெட்டி 140 வெள்ளி என்று தம்பி கொடுக்கிறான். ஷாப்பியில் 65-க்கு ஏழு பேர் விற்கிறார்கள். உரிம எண் கேட்டேன், பதிவுத் தாளைப் படம் பிடித்து அனுப்பினான். உறுப்பினர் அல்லாதவர்கள் எத்தனை பேர் வாங்குகிறார்கள் என்று கேட்டதற்கு இன்னும் பதில் இல்லை.

சேம நிதிப் பணத்தை எடுக்கவில்லை. நாளை இரவு அவன் சாப்பிட வருகிறான். வேலையை விட்டுவிட்டான் என்று சின்னம்மா இன்றுதான் சொன்னார். அவனிடம் எவ்வளவு சரக்கு தேங்கியிருக்கிறது என்று கேட்கப் பயமாக இருக்கிறது, அக்கா.

பால்மரத்து வீட்டு அக்கா

சாப்பிட்ட பிறகு கேளுங்கள். சின்னம்மா இல்லாத நேரமாகப் பார்த்துக் கேளுங்கள். என்னிடம் அன்று யாரும் அப்படிக் கேட்கவில்லை.