ஃபோர்ட்ரான் நிரலை பிப்பில் (பைத்தான் தொகுப்புகளை நிறுவும் கருவி) நிறுவ வைக்க வழி உண்டா?

பாளைக்காரி:
தாமிரபரணியில் இவ்வளவு தண்ணீர் திறந்தால் எந்த அணைக்கட்டில் எவ்வளவு ஏறும் என்று கணக்கிடும் பழைய ஃபோர்ட்ரான் நிரல் எங்கள் ஆய்வுக்குழுவிடம் இருக்கிறது. 2023 டிசம்பர் வெள்ளத்துக்கு அப்புறம் அதைக் கேட்காத ஆளில்லை. ஃபோர்ட்ரானைப் பைத்தானோடு இணைக்கும் எஃப்2பை வழியாகப் பைத்தானில் கூப்பிடுகிறோம், என் லினக்ஸில் நன்றாக ஓடுகிறது. மாணவர்கள் விண்டோஸில் பிப் இன்ஸ்டால் அடித்தால் கம்பைலர் (நிரலை இயந்திர மொழிக்கு மாற்றும் மென்பொருள்) இல்லை என்று நின்றுவிடுகிறது, பைத்தான் 3.12 வைத்திருப்பவர்களுக்கு செட்டப் கோப்பே ஓடவில்லை. ஒவ்வொருத்தர் மடிக்கணினியிலும் நானே ஜிஃபோர்ட்ரான் என்ற கம்பைலரைப் போட்டுக்கொண்டிருக்க முடியுமா?

பொதிகைச்சாரல்:
பைத்தான் 3.12-இல், தொகுப்புகளைக் கட்டித் தந்த டிஸ்ட்யூட்டில்ஸை எடுத்துவிட்டார்கள், அதை நம்பியிருந்த நம்பை (எண் அணிகளுக்கான பைத்தான் நூலகம்) டிஸ்ட்யூட்டில்ஸும் கூடவே போய்விட்டது. மீசான்-பைத்தான் என்ற புதிய கட்டும் கருவிக்கு மாறுங்கள், ஃபோர்ட்ரான் நிறைய உள்ள சைபை என்ற அறிவியல் நூலகமே 2022-இல் மாறிவிட்டது. அதைவிட முக்கியம், கம்பைல் செய்வது உங்கள் பக்கமே முடிந்துவிட வேண்டும், மாணவருக்குப் போக வேண்டியது வீல் கோப்புதான், அதாவது முன்பே கம்பைல் செய்து கட்டிய தொகுப்பு. ஆனால் உங்கள் லினக்ஸிலேயே கட்டிய வீல் பழைய லினக்ஸில் ஓடாமல் போகலாம், அதனால் பழைய லினக்ஸ் சூழலைத் தனியாக அடைத்துத் தரும் மெனிலினக்ஸ்2014 கண்டெய்னருக்குள் கட்டுங்கள், லினக்ஸின் அடிப்படை சி நூலகமான கிளிப்சி 2.17 இருந்தாலே ஓடும். நிரல் ஓடும்போது தேவைப்படும் ஜிஃபோர்ட்ரானின் ரன்டைம் லைப்ரரியை ஆடிட்வீல் என்ற கருவி வீலுக்குள்ளே சேர்த்துவிடும். அதே வேலைக்கு மேக்கில் டெலோகேட், விண்டோஸில் டெல்வ்வீல். இத்தனையையும் கிட்ஹப் கணினிகளில் ஓட்டித் தர சிபில்ட்வீல் இருக்கிறது.

ஜங்ஷன்வாசி:
அண்ணாச்சி சொல்வது சரிதான், ஆனால் எஃப்2பையை விடாத வரை ஒவ்வொரு பைத்தான் பதிப்புக்கும் தனி வீல் கட்ட வேண்டும். 5 பதிப்பு, 3 இயங்குதளம் என்றால் 15, புதுப் பதிப்பு வந்தால் மறுபடியும் வேலை. வெளியிலிருந்து கூப்பிடும் சப்ரூட்டீன்கள் (துணை நிரல்கள்) நாலைந்துதான் இருக்கும் என்றால் அவற்றுக்கு மட்டும், சி மொழி நிரல்போல் கூப்பிட வைக்கும் பைண்ட்-சி குறிப்பைப் போட்டு, சாதாரண ஷேர்டு லைப்ரரியாகக் கட்டி, பைத்தானுடனேயே வரும் சிடைப்ஸில் கூப்பிடுங்கள். அதில் பைத்தானோடு ஒட்டு எதுவும் இல்லாததால் தளத்துக்கு ஒரு வீல் போதும், வீலின் பெயரில் வரும் டேகில் பைத்தான் 3 என்று பொதுவாகக் குறித்தால் ஆச்சு. விண்டோஸில் ரன்டைமை ஸ்டாட்டிக்காக, அதாவது லைப்ரரிக்குள்ளேயே இணைத்தால் டெல்வ்வீல்கூட வேண்டாம். ஒன்று கவனியுங்கள், ஃபோர்ட்ரான் அணிகள் நெடுவரிசை நெடுவரிசையாக (column) நினைவகத்தில் அடுக்கப்படும், நம்பை வழக்கமாகக் கிடைவரிசை (row). எஃப்2பை அதைத் தானே பார்த்துக்கொள்ளும், சிடைப்ஸில் நீங்கள்தான் பார்க்க வேண்டும், இல்லையென்றால் மருதூர் அணைக்கட்டின் நீர்மட்டம் ஸ்ரீவைகுண்டம் அணைக்கட்டில் போய் உட்கார்ந்துவிடும்.

பாளைக்காரி:
சப்ரூட்டீன் மூன்றே மூன்றுதான், அப்படியென்றால் சிடைப்ஸ். மலையின் உயரத் தரவையும் வீலுக்குள்ளேயே வைக்கலாமா? 300 எம்பி வரும்.

பொதிகைச்சாரல்:
வேண்டாம். பிப் தொகுப்புகளை எடுக்கும் பைபிஐ தளத்தில் ஒரு கோப்புக்கு வழக்கமான வரம்பே 100 எம்பி. முதல் தடவை ஓடும்போது ஆய்வுத் தரவுகளைச் சேமிக்கும் ஜெனோடோ தளத்திலிருந்து இறக்கிக்கொள்ளட்டும், கோப்பு பழுதில்லாமல் வந்ததா என்று காட்டும் செக்சம் எண்ணைச் சரிபார்க்க மறக்காதீர்கள்.