1960 யூலையில பிறந்தவருக்கு ஸ்டேட் பென்சன் (பிரித்தானிய அரசாங்க ஓய்வூதியம்) எப்ப?

வெம்பிளிவாசி:
1960 யூலை 15 பிறந்த ஒருவர், லண்டனில கடை வேலை. 66 முடிய வேலையை விடுறதெண்டு இருந்தவர். இப்ப பென்சன் வயதை 67 ஆக்கிப்போட்டினம் எண்டு கதைக்கினம். இன்னும் ஒரு வருஷம் இழுக்க வேணுமோ? மனுசிக்கு 61. பிறகு யாழ்ப்பாணம் போயிருக்கிற யோசனையும் இருக்கு.

கணக்குப்பிள்ளை:
ஒரு வருஷம் இல்லை. 1960 ஏப்ரல் 6 முதல் 1961 மார்ச் 5 வரை பிறந்த ஆக்களுக்கு மாதம் மாதமாய்த்தான் கூடுது. யூலை 6க்கும் ஓகஸ்ட் 5க்கும் இடையில பிறந்தவைக்கு 66 வருஷமும் 4 மாதமும். அவருக்கு 2026 நவம்பர் 15.

அண்டைக்கே காசு விழும் எண்டு நம்பாதேங்கோ. விண்ணப்பம் போட்டால்தான் வரும். 4 மாதம் முன்னமே போடலாம். முடிஞ்ச கிழமைகளுக்குத்தான், வழமையாய் 4 கிழமைக்கு ஒருக்கா குடுப்பினம். யூலையில வேலையை விட்டால் டிசம்பர் வரைக்கும் சாப்பாட்டுக்கும் வாடகைக்கும் கையில காசு இருக்கவேணும். வேலைத்தல பென்சன் இருந்தால் அதை வழமையாய் இப்பவே எடுக்கலாம், அதுக்கு இந்த வயதெல்லை இல்லை.

சம்பளத்துண்டு:
வயதை விட வருஷக்கணக்கைப் பாருங்கோ. முழுத்தொகை 2026-27இல கிழமைக்கு 241.30 பவுண். அதுக்குப் பொதுவாய் 35 வருஷ நஷனல் இன்சூரன்ஸ் (சம்பளத்தில வெட்டி அரசாங்கத்துக்குக் கட்டுற காசு) வேணும். 10க்குக் கீழ எண்டால் ஒண்டுமில்லை. 2016க்கு முன்னம் 'கொன்ட்ராக்டட் அவுட்' ஆய் (வேலைத்தல பென்சனில சேர்ந்து குறைஞ்ச இன்சூரன்ஸ் கட்டி) இருந்தவைக்கு 35 இருந்தாலும் குறையலாம்.

கனபேர் பிழைவிடுற இடம்: பென்சன் வயது வாற வரிவருஷம் (ஏப்ரல் 6 முதல் அடுத்த ஏப்ரல் 5 வரை) கணக்கில சேராது. அவருக்குக் கடைசியாய்ச் சேருறது 2025-26. நவம்பர் வரை வேலைசெய்தால் சம்பளத்தில இன்சூரன்ஸ் வெட்டுப்படும், ஆனால் வருஷம் கூடாது. இடைவெளி இருந்தால் கடந்த 6 வருஷத்துக்குக் காசு கட்டி நிரப்பலாம். முதல்ல அரசாங்க இணையத்தளத்தில எவ்வளவு பென்சன் வரும் எண்டு காட்டுற முன்கணிப்பைப் பாருங்கோ, ஏனெண்டால் சில வருஷத்துக்குக் கட்டினாலும் ஒரு பென்ஸ் கூடாது.

கணக்குப்பிள்ளை:
மனுசியின்ர வயதை விட்டிட்டம். 2019 மே 15க்குப் பிறகு புதிசாய் பென்சன் கிரெடிட் (வருமானம் குறைஞ்ச பென்சன்காரருக்கு அரசாங்கம் குடுக்கிற மேலதிக உதவி) கேக்கிற சோடியில ரெண்டு பேருமே பென்சன் வயதில இருக்கவேணும். அவவுக்கு 67 ஆகும் வரை யுனிவர்சல் கிரெடிட் (பென்சன் வயதுக்குக் கீழ உள்ள, வருமானம் குறைஞ்ச ஆக்களுக்கான அரசாங்க உதவி) மட்டும்தான், அதுவும் சேமிப்பு 16,000 பவுணுக்கு மேல எண்டால் கிடையாது.

சம்பளத்துண்டு:
யாழ்ப்பாணம் போனாலும் பென்சன் வரும். ஆனால் இலங்கையில குடியிருக்கிற ஆக்களுக்கு ஒவ்வொரு ஏப்ரலிலும் பென்சனைக் கூட்டிறது இல்லை, போன நேரத்துத் தொகையிலேயே நிக்கும். இந்தியாவுக்கும் அப்பிடித்தான். திரும்பி இங்க வந்து குடியிருந்தால் நடப்புத் தொகை கிடைக்கும்.