ஆபரேஷன் ஆன பக்கத்துக் கை: உங்களுக்கு நடந்ததைச் சொல்லுங்கள்

மல்லிகைப்பந்தல்:
நாத்தனார் மகள் வளைகாப்பு. எனக்கு இடது பக்கம் மார்பகப் புற்றுநோய், ஆபரேஷனில் அக்குள் நெறிக்கட்டிகள் எல்லாம் எடுத்தாயிற்று. கீமோ, ரேடியேஷன் முடிந்து இப்போது தமொக்சிஃபென் மாத்திரை மட்டும் ஓடுகிறது. வளையல்காரம்மா வந்த பெண்களுக்கெல்லாம் போட்டுக்கொண்டே வந்து என் இடது கையைப் பிடித்தார். “இதுல வேண்டாம்மா, வலது கையில மட்டும் போடுங்க” என்றேன். விரல்களைச் சேர்த்து அழுத்தித்தானே கண்ணாடி வளையல் ஏற்றுவார்கள், உடைந்து கீறினால், நெறிக்கட்டி எடுத்த கையில் கிருமி புகுந்து வீக்கம் கூடிவிடும் என்று இங்கே எல்லோருக்கும் தெரியும். பக்கத்தில் இருந்த பெரியம்மா, “சுமங்கலி ஒரு கையை மூளியா வச்சுக்கிட்டு மாசமா இருக்கிற பொண்ணு முன்னால உக்காரலாமா?” என்று எல்லோர் காதிலும் விழும்படி கேட்டார். வளையல்காரம்மா என் கையை விடவில்லை. அப்படியே திருப்பி, முழங்கைக்கு மேல் வீங்கிய இடத்தைத் தடவிப் பார்த்து, “எங்க அக்காவுக்கும் இப்படித்தான் இருந்துச்சு” என்றார். அப்புறம் வலது கையில் பெரிய அளவாகத் தேடி எடுத்துப் பச்சை வளையல் போட்டுவிட்டார். பெரியம்மாவை விடுங்கள். அந்த அக்கா இப்போது எப்படி இருக்கிறார் என்று கேட்க எனக்கு வாய் வரவில்லை. அதுதான் இன்னமும் மனசில் ஓடுகிறது.

தாமிரபரணி:
நீங்கள் போயிருக்கவே கூடாது சகோதரி. சிகிச்சை முடிந்தவர்கள் விசேஷ வீடுகளைக் கொஞ்ச காலம் தவிர்ப்பதுதான் நல்லது.
எனக்கு வலது பக்கம். வயிற்றுப்போக்கு என்று ஓர் ஆஸ்பத்திரியில் சேர்த்திருந்தார்கள். நடு ராத்திரி, நான் அசந்து தூங்கும்போது நர்ஸ் வலது கையில் பிபி பட்டையைச் சுற்றிவிட்டார். அது இறுகத் தொடங்கியதும், கை வீங்கிவிடுமோ என்ற பயத்தில் விழித்துக் கத்திவிட்டேன். வார்டே எழுந்துவிட்டது. சின்னப் பெண், கை நடுங்க, “கேஸ் ஷீட்ல எழுதலியே மேடம்” என்றாள். சேரும்போதே நான் சொன்னேன், யாரும் எழுதிக்கொள்ளவில்லை. இப்போதெல்லாம் ஆஸ்பத்திரிக்குப் போனால் பிளாஸ்திரியில் ‘இந்தக் கையில் ஊசி, பிபி வேண்டாம்’ என்று பேனாவால் எழுதி மணிக்கட்டில் ஒட்டிக்கொள்கிறேன். நீங்களும் செய்யுங்கள்.

முத்துநகர்:
தாமிரபரணி, அது அவர் வீட்டு விசேஷம். போகாதே என்று சொல்ல நமக்கு என்ன உரிமை? ஏற்கெனவே எத்தனையோ இழந்துவிட்டுத்தான் வந்து உட்கார்ந்திருக்கிறோம்.
பிபிக்கும் இவ்வளவு பயம் வேண்டாம். 2016இல் பாஸ்டனில் உள்ள மாசசூசெட்ஸ் பொது மருத்துவமனை ஆய்வில், அந்தப் பக்கக் கையில் பிபி பார்த்ததற்கும் ரத்தம் எடுத்ததற்கும் விமானப் பயணத்துக்கும் வீக்கத்தோடு தெளிவான தொடர்பு கிடைக்கவில்லை. நெறிக்கட்டிகளை முழுதாக எடுத்தது, நெறிக்கட்டிப் பகுதிக்கு ரேடியேஷன் கொடுத்தது, உடல் எடை கூடுதலாக இருப்பது, செல்லுலைட்டிஸ் என்கிற தோல் கிருமித் தொற்று வந்தது, இந்த நான்குக்கும்தான் தொடர்பு இருந்தது. இன்னொரு கை இருக்கும்போது அதைக் கொடுங்கள், சரி. அவசரத்துக்கு இந்தக் கையில் பார்த்துவிட்டார்கள் என்று தூக்கத்தைத் தொலைக்காதீர்கள். இரண்டு பக்கமும் ஆபரேஷன் ஆனவர்கள் எந்தக் கையை நீட்டுவார்கள்?
என் கதை சின்னது. சங்கரா மீன் அலசும்போது துடுப்பு முள் குத்தியது. கழுவிவிட்டு வேலையைப் பார்த்தேன். விளக்கு வைக்கும் நேரத்துக்குக் குளிர் நடுக்கம், முழங்கை வரை சிவப்பு, தொட்டால் தோசைக்கல் மாதிரிச் சூடு. நேரே அட்மிஷன், ஆன்டிபயாடிக் டிரிப்.
அதனால் சொல்கிறேன். மீன், ரோஜாச் செடி, பாத்திரம் எதுவானாலும் கையுறை போடுங்கள். குளித்ததும் தேங்காய் எண்ணெய் தடவி, தோல் வெடிக்காமல் பாருங்கள். வீக்கத்துக்குக் கையில் இறுக்கமாகப் போடும் அமுக்க உறையைப் பிசியோதெரபிஸ்ட் அளவெடுத்துத்தான் வாங்க வேண்டும், அக்கா போட்ட பழைய உறை தங்கைக்கு ஆகாது. சிவந்து சூடாகிக் காய்ச்சலும் வந்தால் விடியட்டும் என்று காத்திருக்காதீர்கள். கையை அசைக்காமலும் வைக்காதீர்கள். கை வீங்கிய 141 பெண்களை வைத்து அமெரிக்காவில் நடந்த ஆய்வு 2009இல் வெளிவந்தது. வாரம் இரண்டு முறை முறையாக எடை தூக்கியவர்களுக்கு வீக்கம் கூடவில்லை, திடீரென்று மோசமாவதும் குறைந்தது.

திண்டுக்கல் மகள்:
முத்துநகர் அக்கா, எடை தூக்கலாம் என்று எழுதிவிட்டீர்கள். அதை என் அம்மாவுக்கு எப்படிப் படித்துக் காட்டுவது? ரேடியேஷன் முடிந்து ஊருக்கு வந்ததிலிருந்து குடம் தூக்க விடாமல் காவல் காக்கிறோம். போன வாரம் விடியற்காலையில் சத்தம் கேட்டு வெளியே வந்தேன். அம்மா தெருக்குழாயில் நிறைகுடத்தை இடுப்பில் ஏற்றிக்கொண்டு, ஆபரேஷன் ஆன பக்கத்துக் கையாலேயே வளைத்துப் பிடித்தபடி வருகிறார். நான் பிடுங்கப் போனேன். “விடுடி, நான் இன்னும் சாகலை” என்றார். முகத்தில் அப்படி ஒரு கோபம். என்னைப் பெற்ற பிறகு அவர் ஒருநாளும் அப்படிப் பேசியதில்லை. அன்று முழுக்க என்னிடம் முகம் கொடுக்கவில்லை. கை வீங்கவில்லை. ஆனாலும் எனக்குப் பயமாக இருக்கிறது.

முத்துநகர்:
கண்ணு, அந்த ஆய்வில் பயிற்சியாளர் பக்கத்தில் இருந்து, உறை போட்டுக்கொண்டு, குறைந்த எடையில் ஆரம்பித்து மெல்ல மெல்லத்தான் கூட்டினார்கள். எடுத்தவுடனே நிறைகுடம் இல்லை. நான் தெளிவாகச் சேர்த்து எழுதியிருக்க வேண்டும். ஆனால் காவல் காப்பதையும் விடு. அம்மா தண்ணி எடுக்கட்டும், செம்பில் ஆரம்பித்து அப்புறம் சின்னக் குடம். அடுத்த செக்கப்புக்குப் போகும்போது பிசியோதெரபிஸ்டிடம் அம்மாவையே பேச விடு, நீ பக்கத்தில் இரு. அவர் கைக்கு எவ்வளவு முடியும் என்று அவர் காதுபடச் சொல்லட்டும்.