டியாலோ என்ற பெயர் ஃபூட்டா ஜாலோன் மலையிலிருந்துதான் வந்ததா?

முந்திரி வியாபாரி:
நேற்று இங்கே ஒருவர், டியாலோ என்ற குடும்பப் பெயர் கினியாவின் ஃபூட்டா ஜாலோன் மலைநாட்டில் பிறந்தது என்று அடித்து எழுதியிருந்தார். படித்ததும் எரிச்சல் வந்தது. ஜாலோன் என்பது மேற்கு ஆப்பிரிக்காவின் ஃபுலா மக்களுக்கு முன்பே அங்கே வாழ்ந்த ஜலோன்கே மக்களைக் குறிக்கும் பெயர். டியாலோவோ பா, சோவ், பாரி ஆகியவற்றோடு ஃபுலாக்களின் நான்கு பெருங்குலப் பெயர்களில் ஒன்று. இரண்டுக்கும் ஒட்டும் இல்லை, உறவும் இல்லை.

நெல்லைச் செல்வம்:
எழுதியவன் நான்தான், அண்ணாச்சி. பெயர் சொல்லியே திட்டலாம். டியாலோவை உச்சரிப்பது ஜாலோ என்றுதானே. ஜாலோன், ஜாலோ. காதில் விழவில்லையா? நெருப்பில்லாமல் புகையுமா?

முந்திரி வியாபாரி:
காதை மட்டும் நம்பினால் மாம்பழம் விற்றதால் மாம்பலம் என்றுதான் போய் முடியும். அந்த மலைநாட்டை ஆண்ட அல்மாமிகள், அதாவது மன்னர்கள், பாரி குலத்தார். டியாலோக்கள் ஆண்டது இன்றைய மாலியில் உள்ள காசோ நாட்டை.

வாசுகி:
அயூபா சுலைமான் டியாலோ 1701இல் இன்றைய செனகலின் புந்துவில் பிறந்தவர். மேரிலாந்தில் அடிமையாக இருந்து 1734இல் ஆப்பிரிக்கா திரும்பியவர். ஃபூட்டா ஜாலோனில் ஃபுலாக்களின் புனிதப் போர் 1720களில்தான் நடந்தது. பெயர் அதற்கு முந்தியது.

நெல்லைச் செல்வம்:
போருக்கு முன்பே அவர்கள் அங்கே மாடு மேய்த்தார்கள், அம்மா. பெயரை அப்போதே எடுத்திருக்கலாமே?

ஒலியன்:
முதலில் தமிழில் சரியாக எழுதுங்கள். டியாலோ என்பது பிரெஞ்சு எழுத்தைப் பார்த்து வந்தது. ஜாலோ என்பதே சரி.

முந்திரி வியாபாரி:
எழுத்தைப் பற்றி எனக்குப் பாடம் வேண்டாம். என் கிட்டங்கியில் ஒன்றுவிட்ட சகோதரர்கள் இருவர் இருந்தார்கள். கினியாவில் பிறந்தவர் டியாலோ, காம்பியாவில் பிறந்தவர் ஜாலோ. ஒரே தாத்தா. ஒருவர் அனுப்பிய பணத்தை மற்றவருக்குக் கொடுக்க மறுத்துவிட்டார்கள், குடும்பப் பெயர் வேறாம்! பிரெஞ்சுக்காரனும் ஆங்கிலேயனும் ஆளுக்கொரு விதமாக எழுதிவைத்ததன் வினை அது. சம்பளப் பட்டியலில் மமது டியாலோ மட்டும் ஆறு பேர். அப்பா பெயரைச் சேர்த்துத்தான் கூப்பிடுவோம். பா குலத்தார் யாராவது உள்ளே வந்தால் டியாலோக்கள் உடனே கேலியைத் தொடங்குவார்கள். இரு குலத்துக்கும் அந்த உரிமை உண்டு, யாரும் கோபிப்பதில்லை. இதையெல்லாம் பக்கத்தில் இருந்து பார்த்தவன் நான்.

நெல்லைச் செல்வம்:
கிட்டங்கிக் கதை சான்றாகாது. நீங்கள் சொன்ன ஜலோன்கேயையே எடுத்துக்கொள்வோம். மாலின்கே என்ற இனப்பெயருக்கு மாலிக்காரர் என்று பொருள். அப்படியானால் ஜலோன்கே என்றால் ஜாலோன்காரர். ஜாலோன் ஓர் இடம் என்று ஆகிவிட்டதே!

முந்திரி வியாபாரி:
இடம்தான். அந்த இடத்துக்காரர் ஜலோன்கேக்கள், டியாலோக்கள் அல்லர். மாலி, கினியா எல்லைப் பக்கத்து வஸ்ஸுலுவில் மாண்டிங் மொழி பேசும் டியாலோக்கள் தலைமுறை தலைமுறையாக இருக்கிறார்கள். அவர்களையும் மலையிலிருந்து இறக்குவீர்களா? கெய்ட்டா என்ற குடும்பப் பெயரைப் பற்றிப் பேசியபோதும் நீங்கள் இதே பிடிவாதம்தான் பிடித்தீர்கள்.

நெல்லைச் செல்வம்:
கெய்ட்டாவை ஏன் இழுக்கிறீர்கள்? அன்றும் நான் சொன்னது சரிதான்.

ஒலியன்:
இன்னும் டியாலோ என்றே எழுதுகிறீர்கள்.

முந்திரி வியாபாரி:
டியாலோ, டியாலோ. இன்னும் நூறு முறை எழுதுவேன்.