அம்மா கிட்னி தரத் தயார், அப்பா வேண்டாம் என்கிறார். என்ன செய்வது?

வடுவூர்ப் பெண்:
வணக்கம். மன்னார்குடி பக்கம் எங்கள் ஊர். அப்பாவுக்கு 54 வயது, ரொம்ப வருஷமாகச் சர்க்கரை, இப்போது இரண்டு கிட்னியும் போய்விட்டது. வாரம் 3 நாள் தஞ்சாவூரில் டயாலிசிஸ். விடியக்காலை பஸ் பிடித்துப் போய், 4 மணி நேரம் மெஷினில் இருந்துவிட்டு, வீட்டுக்கு வரும்போது துவண்டு போய்த்தான் வருகிறார். கிட்னி மாற்றலாம் என்று டாக்டர் சொன்ன உடனே அம்மா நான் தருகிறேன் என்றுவிட்டார். அப்பா பி பாசிட்டிவ், அம்மா ஓ பாசிட்டிவ், கொடுக்கலாமாம். ஆனால் அப்பா பிடிவாதமாக மறுக்கிறார். "வயல்ல இறங்கி வேலை செய்யுறவ வயித்தைக் கிழிச்சு நான் பொழைக்கணுமா" என்று கேட்கிறார். பெரியப்பா வெளியில் பணம் கொடுத்து ஆள் பார்க்கலாம் என்கிறார், அத்தை வாழைத்தண்டுச் சாறு குடித்தாலே சரியாகிவிடும் என்கிறார். அம்மாவால் பிறகு நடவு, களை எல்லாம் பார்க்க முடியுமா? அப்பா திரும்ப வயலுக்குப் போகலாமா? தெரிந்தவர்கள் தயவுசெய்து சொல்லுங்கள்.

டயாலிசிஸ் நர்ஸ், தஞ்சை:
முதலில் அந்த வாழைத்தண்டுச் சாற்றை நிறுத்துங்கள் தங்கச்சி. கல்லடைப்புக்குச் சொல்லும் வைத்தியத்தை, கிட்னியே வேலை செய்யாதவருக்குக் கொடுக்கிறார்கள். அதில் பொட்டாசியம் அதிகம், இளநீரிலும் அப்படித்தான், வெளியேற வழியில்லாமல் ரத்தத்தில் ஏறினால் இதயம் அப்படியே நின்றுவிடும். நம் பக்கம் கொல்லையில் வாழையும் தென்னையும் இருப்பதால் இது வீட்டுக்கு வீடு நடக்கிறது, பார்க்கவே மனசு பதறும். ஒரு நாளைக்கு இவ்வளவுதான் குடிக்கலாம் என்று டாக்டர் சொல்லும் தண்ணீர்க் கணக்கில் பழைய சோற்று நீராகாரத்தையும் சேருங்கள். காலையில் அன்றைக்கு உள்ள தண்ணீரை ஒரு பாட்டிலில் அளந்து ஊற்றி வைத்து, காபியோ ரசமோ எது குடித்தாலும் அந்த அளவுக்குப் பாட்டிலிலிருந்து கொட்டிவிடச் சொல்லுங்கள், அப்போதுதான் எவ்வளவு மிச்சம் என்று கண்ணுக்குத் தெரியும். பிஸ்டுலா, அதாவது டயாலிசிஸுக்காக ரத்தக்குழாய்களை இணைத்துத் தைத்த கையில் பிபி பார்க்கவோ ஊசி போடவோ யாரையும் விடாதீர்கள்.

பணம் கொடுத்து வாங்கும் பேச்சு வேண்டவே வேண்டாம். 1994 உறுப்பு மாற்றுச் சட்டப்படி குற்றம், 2011 திருத்தத்துக்குப் பிறகு 10 வருஷம் வரை சிறை, 1 கோடி வரை அபராதம், வாங்குகிறவருக்கும் சேர்த்துத்தான்.

திருவாரூர் அக்கா:
நான் என் வீட்டுக்காரருக்குக் கொடுத்தவள். உங்கள் அப்பா சொல்வதையேதான் அவரும் சொன்னார். பாசத்தில்தான் சொல்கிறார்கள், ஆனால் அம்மா உடம்பு, அம்மா முடிவு. அப்பாவைவிட அம்மாவைத்தான் முதலில் கேட்க வேண்டும். ஆஸ்பத்திரியிலும் கொடுக்கிறவரைத் தனியாக உட்கார வைத்து, யாராவது கட்டாயப்படுத்துகிறார்களா என்று கேட்பார்கள். நான் அந்த அறையில் பேசியதை டாக்டர் அவரிடம் சொன்ன பிறகுதான் இறங்கி வந்தார். சர்க்கரை, பிபி, ஸ்கேன் என்று அலசிப் பார்த்து, அம்மாவுக்குச் சின்னச் சந்தேகம் இருந்தாலும் அவர்களே வேண்டாம் என்றுவிடுவார்கள், அதையும் அப்பா காதில் போடுங்கள்.

கொடுத்த பிறகு ஒன்றரை மாசம் போல குடம், மூட்டை தூக்கக் கூடாது. அப்புறம் ஒரு கிட்னியே இரண்டின் வேலையைப் பெரும்பாலும் பார்த்துக்கொள்ளும். நான் நடவுக்குப் போகிறேன். ஆனால் நடவு நாளில் இடுப்புவலிக்கு மெடிக்கலில் நாமே வாங்கிப் போடுவோமே அந்த வலி மாத்திரை, அதை மட்டும் தொடக்கூடாது, இருக்கிற ஒரு கிட்னியை அது கெடுத்துவிடும். வருஷத்துக்கு ஒரு தடவை கிரியேட்டினின் (கிட்னி எப்படி வேலை செய்கிறது என்று காட்டும் ரத்தப் பரிசோதனை), பிபி, சிறுநீரில் புரதம் பார்க்க வேண்டும், ஆயுசுக்கும்.

கும்பகோணத்தான்:
எனக்கு மாற்று கிட்னி வைத்து வருஷங்கள் ஆகிவிட்டன, அண்ணன் கொடுத்தது. பழைய கிட்னியைப் பெரும்பாலும் எடுப்பதில்லை தங்கச்சி, புதியதை அடிவயிற்றில் வைக்கிறார்கள். அப்பா வயலுக்குப் போகலாம், ஆனால் ஆரம்ப மாதங்களில் வேண்டாம். புதுக் கிட்னியை உடம்பு தள்ளிவிடாமல் இருக்க எதிர்ப்புச் சக்தியைக் குறைக்கிற மாத்திரை போடுவதால், சேற்றில் வெறுங்காலோடு இறங்கினால் எலிக்காய்ச்சல் மாதிரித் தொற்று நம்மைச் சீக்கிரம் பிடிக்கும். நான் இப்போது வரப்பில் நின்றுதான் பார்க்கிறேன், இறங்க வேண்டி வந்தால் பூட்ஸ். ஆற்றிலும் குளத்திலும் குளிப்பதை விட்டுவிட்டேன், அதுதான் எனக்குப் பெரிய கஷ்டமாக இருந்தது.

எல்லாம் சரியாகிவிட்டது என்று மாத்திரையை விட்டால் அவ்வளவுதான், கிட்னி போய்விடும். கிட்னி இருக்கும் வரை மாத்திரை உண்டு. சர்க்கரை வேறு இருப்பதால் அதையும் கட்டுக்குள் வைக்க வேண்டும், இல்லையென்றால் புதியதும் கெடும்.

வடுவூர்ப் பெண்:
ரொம்ப நன்றி அக்கா, அண்ணா. அக்கா எழுதியதை அப்பாவுக்கு வாசித்துக் காட்டினேன், ஒன்றும் சொல்லவில்லை, ஆனால் முடியாது என்றும் சொல்லவில்லை. செலவுக்கு என்ன வழி?

டயாலிசிஸ் நர்ஸ், தஞ்சை:
முதலமைச்சர் காப்பீட்டு அட்டை இருக்கிறதா பாருங்கள், டயாலிசிஸும் மாற்று அறுவையும் அதில் வருகிறது. இல்லையென்றால் ரேஷன் கார்டும் வருமானச் சான்றும் எடுத்துக்கொண்டு கலெக்டர் ஆபீஸில் உள்ள காப்பீட்டு மையத்துக்குப் போங்கள். அடுத்த தடவை டாக்டரைப் பார்க்கும்போது மூளைச்சாவு அடைந்தவர்களிடமிருந்து பெறும் பட்டியலிலும் அப்பா பெயரைப் பதிய முடியுமா என்று கேளுங்கள். அதில் வருஷக்கணக்கில் காத்திருக்க நேரும், ஆனால் அம்மாவுக்கு டெஸ்டில் ஏதாவது வந்துவிட்டால் கையில் இன்னொரு வழி இருக்கும். அதுவரை ஒரு டயாலிசிஸ்கூட விடாமல் கூட்டிக்கொண்டு வாருங்கள், தீபாவளியானாலும் சரி, அறுவடையானாலும் சரி.